தடை அறிந்தவர் எவரேனும்

ஆமென் சொன்னது தன் வாய்தானா... ஹாரியட்டுக்கே சந்தேகமாக இருந்தது, வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிடுகிறது, மனசைக் கேட்பதே இல்லை, பாதிரியார் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் முன் பெஞ்சில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும், புதன்கிழமைகூட அப்படித்தானே ஆயிற்று, சாம்பல் புதன், வருஷத்துக்கு ஒருமுறை சாபங்களை வரிசையாக வாசிக்கிற நாள், குருடனைத் தப்பு வழியில் விட்டவன்மேல் சாபம் என்று புருஷன் அம்ப்ரோஸ் வாசிக்க, சபை முழுக்க ஆமென், விதவைக்கு நியாயத்தை மறுத்தவன்மேல் சாபம், ஆமென், மறைவில் நின்று அயலானை அடித்தவன்மேல் சாபம்... அதற்கும் ஆமென், அவள் குரல்தான் எல்லோருடையதையும் விடத் தெளிவாகக் கேட்டதாம், வெளியே வரும்போது மாவுமில்காரர் மனைவி சொன்னாள், அம்மா சொன்னா சாபம்கூட சங்கீதம் மாதிரி இருக்கு என்று, நாசமாய்ப் போக. நெதர்கோம் சேகரத்துக்கு, இந்தக் கோயிலைச் சேர்ந்த ஊர்ச்சபைக்கு, நாக்கு நீளம், காது அதைவிட நீளம், கண்தான் இல்லை. இன்று லெந்து என்கிற நோன்புக் காலத்தின் முதல் ஞாயிறு, விசுவாசப் பிரமாணம் முடிந்துவிட்டது, சபை உட்கார்ந்துவிட்டது, இனி அறிவிப்புகள், அறிவிப்புகளுக்குள் அந்த ஒன்றும் இருக்கிறது, அது கடக்கும்வரை மூச்சு விட முடியாது. பக்கத்தில் ஹ்யூபர்ட், அவள் பிள்ளை, ஒரே பிள்ளை, தலையில் வாசனை எண்ணெய், புதுக் கறுப்புக் கோட்டு, நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், தன்னைப் பற்றித்தான் அறிவிக்கப்போகிறார்கள் என்ற படபடப்பு துளிகூட இல்லாமல்.

குருப்பட்டம் பெறப் போகிறவனை அவன் பிறந்த சேகரத்துச் சபைக்கு முன் நிறுத்தி, இவனுக்குப் பட்டம் கொடுக்கக்கூடாது என்று காரணம் அறிந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்க வேண்டும், அது முறை, கேட்டதற்கு அத்தாட்சி போனால்தான் பேராயர் அவன் தலையில் கை வைத்துப் பட்டம் கொடுப்பார். கேட்பதாவது... மற்ற சேகரங்களில் குளிர்காலத்துக்குச் சீட்டுக் கட்டுகிற நிலக்கரிச் சங்கக் கூட்டத்துக்கும் காணாமல்போன குடைக்கும் நடுவில் வைத்து முணுமுணுத்துத் தள்ளிவிடுவார்கள், கேள்வி வாயை விட்டு வருமுன்னே அடுத்த அறிவிப்பு வந்துவிடும். அம்ப்ரோஸ் அப்படியில்லை. கல்யாண ஓலை வாசித்தாலும் சரி, எது வாசித்தாலும் சரி, தடை உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்துவார், சபை நெளியும், குழந்தை அழும், யாராவது இருமுவார்கள், அவர் அசையமாட்டார், கேள்வி கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கணும், இல்லாட்டி கேக்கவே கூடாது என்பார். இன்று மட்டும் காத்திருக்கமாட்டார். அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், அந்த நிச்சயத்தைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவர் விழுங்கி விழுங்கி வாசிப்பார், உடனே பாட்டு எண்ணைச் சொல்வார், ஆர்கன் முழங்கிவிடும்... ஆர்கன் வாசிக்கிற மிஸ் பாஸ்குக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது, பாட்டு எண்ணைச் சொன்னாலும் கேட்காது, எதிரே ஒரு கண்ணாடியை மாட்டிவைத்து அதில் குருமனைப் பெஞ்சையே, பாதிரியார் வீட்டார் உட்காருகிற முன் பெஞ்சையே, பார்த்துக்கொண்டிருப்பாள், ஹாரியட் எழுந்தால் பாட்டு, ஹாரியட் உட்கார்ந்தால் நிறுத்தம், சபையே சிரிக்கும், ஆண்டவர் வந்தாலும் கெல்லண்ட் அம்மா எழுந்தாதான் மிஸ் பாஸ்க் வாசிப்பா என்று. சிரிக்கட்டும். இன்று அவர் விழுங்கி வாசித்துவிட்டால் போதும், தான் ஒருத்தி மட்டும் இல்லை என்று ஆகிவிடும், திருடர் இருவர் ஒரு மூட்டையைத் தூக்கிப் போகிற மாதிரி மிச்சக் காலத்தையும் நடந்துவிடலாம்.

அறுப்புப் பண்டிகை அன்று சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருந்தது, அதுதான் வினை, இருட்டியிருந்தால் எதையும் பார்த்திருக்கமாட்டாள். கோயிலுக்குள் ஆப்பிளும் கோதுமைக் கதிரும் அடுக்கி முடித்துவிட்டு எல்லோரும் விருந்துக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள், உதவிப் பாதிரி லூக் பென்ஹேல் குருமனை வாசலில் வந்து நின்று, நான் கீழ்த்தெரு வழியாப் போறேன், அம்மா, காலெல்லாம் வலிக்குது என்று சிரித்துவிட்டுப் போனார், மாடி ஜன்னலிலிருந்து அவர் தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள், ஏன் பார்த்தாள், சும்மாதான், நல்ல பிள்ளை, கோட்டின் முழங்கையில் தையல் விட்டிருந்தது, நாளைக்கு வாங்கித் தைத்துக் கொடுக்கணும் என்று நினைத்தாள். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான் வெஸ்ட்ரியின் பின்கதவு, அங்கிகளும் பாட்டுப் புஸ்தகங்களும் வைக்கிற அறை. சற்றுப் பொறுத்து அந்தக் கதவு திறந்தது, டாமரிஸ் வந்தாள், பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண், தலைமுடியைக் கோதிக்கொண்டே கல்லறைகளுக்கு நடுவே ஓடினாள், அப்புறம் கறுப்புக் கோட்டில் உயரமாக ஒருத்தன், நிதானமாகக் கதவைப் பூட்டினான், நிமிர்ந்தான், ஜன்னலைப் பார்த்தான். ஹ்யூபர்ட். அம்மாவைப் பார்த்தான், தொப்பியைத் தூக்கி ஒரு வணக்கம் போட்டான், தெருவில் போகிற சீமாட்டிக்குப் போடுகிற மாதிரி. அந்தத் தொப்பியை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. சாவியைக் கொண்டுவந்து கூடத்து ஆணியில் மாட்டும்போது அம்ப்ரோஸ் அங்கேதான் நின்று கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார், பார்த்தாரே, பார்க்காமலா இருப்பார், அந்த வாரமே பிள்ளையைப் படிக்கிறதுக்கென்று தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தாரே... அனுப்பியது எதற்கு? அப்போதே அவருக்குத் தெரியும். அவள் அப்படித்தான் முடிவு செய்தாள்.

டாமரிஸுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஊருக்குப் பசி எடுத்தது. அறுப்பு அன்று கதவு திறந்ததைத் தூரத்திலிருந்து மாவுமில்காரரும் பார்த்திருக்கிறார், கறுப்புக் கோட்டு, உயரமான ஆள், இன்னொரு வெஸ்ட்ரி சாவி பாட்டுக்குழுவை நடத்துகிற லூக்கிடம்தானே இருக்கிறது, வேறென்ன வேண்டும், பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். மாவட்டப் பத்திரிகையில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டு எழுதினார்கள், கோடு போட்டால் யாருக்கும் தெரியாதாம். ஒரு சனிக்கிழமை ஊர் ஆம்பளைகள் பானை சட்டி தகரம் எல்லாம் எடுத்துக்கொண்டு லூக் குடியிருந்த வீட்டு முன்னால் போய்த் தட்டினார்கள், அது அந்தப் பக்கத்து வழக்கம், தப்புப் பண்ணினவன் தூங்கக்கூடாது, வைக்கோலில் ஒரு பாதிரி பொம்மை செய்து வெள்ளை அங்கி மாட்டிக் கொளுத்தத் தூக்கிப் போனார்கள், எலே பிரசங்கியாரே, வெஸ்ட்ரில என்னலே பிரசங்கம் பண்ணுனே, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லு என்று ஒருத்தன் கத்த, ஏழாம் கற்பனைய, அதான் விபசாரம் பண்ணாதேங்கிற கட்டளைய, அவரு மனப்பாடம் பண்ணாம விட்டுட்டாரப்பா என்று இன்னொருத்தன். குருமனைச் சுவரோரமாகத்தான் கொண்டுபோனார்கள். அந்த அங்கியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அங்கி இல்லை அது, ஹ்யூபர்ட்டின் பழைய இரவுச் சட்டை, ஏழைகளுக்குத் துணி கொடுக்கிற பெட்டியில் அவளே மடித்துப் போட்டது, கழுத்தோரம் அவள் தைத்த நீலநூல் எழுத்துகூட அப்படியே இருந்தது. ஊர் தனக்குத் தெரியாமலே சரியான ஆளைத்தான் கொளுத்தியது. பின்னால் லூக்கை வேலையிலிருந்து நீக்கியபோது அவர் தாய், விதவை, மகனுடைய புஸ்தகங்களை எடுத்துப்போக வந்தபோது ஹாரியட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளைய நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு எழுதுவான் என்று சொல்லிவிட்டுப் போனாள், அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு முன்பே பேராயர் அனுப்பிய பெரிய குரு வந்தார், விசாரணையாம், கேக்கும் தேநீரும் வைத்து விசாரணை. லூக்கிடம் கேட்டதற்கு ஒரே பதில்தான் சொன்னாராம், நான் கீழ்த்தெருவுல போறப்ப அந்த ஜன்னல்ல கெல்லண்ட் அம்மா நின்னுட்டிருந்தாங்க, அவங்க சொல்றது எதுவோ அதுதான் என் சாட்சி, அதுக்கு மேல நான் யார் பேரையும் சொல்றதுக்கில்ல. யார் பேரையும்... ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அவளை நம்பினார், மடையன், பெற்றவளிடம் போய் நியாயம் கேட்ட மடையன். பெரிய குரு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நீங்க யாரைப் பாத்தீங்க, அம்மணி, தயங்காம சொல்லுங்க என்றார். அவள் தயங்கவில்லை. அன்னிக்கு எனக்குத் தலைவலி, திரைய இழுத்துவிட்டுப் படுத்துட்டேன், யாரையும் பாக்கல. எத்தனை சுலபமாக வந்தது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. பெரிய குரு அம்ப்ரோஸைத் திரும்பிப் பார்த்தார், அம்ப்ரோஸ் முகம் வெளுத்துப்போய், என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டதில்ல என்றார். அப்பா, என்ன நேர்த்தி என்று நினைத்தாள், ஒரு சொல்லும் பொய்யில்லாமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவரால் முடிகிறதே, பாதிரியார் படிப்பு வீண்போகவில்லை. வண்டி போன பிறகு, நீ சொன்னது போதும், ஹாரியட், இனி இந்த வீட்ல இந்தப் பேச்சே வேணாம் என்றார், அன்றிலிருந்து இறைச்சியைத் தொடுவதில்லை, உடுப்பு மாற்றுகிற சின்ன அறையில் தனியாகப் படுக்கிறார், விடிகாலையில் முழங்காலில் இருப்பது கதவிடுக்கில் தெரிகிறது. குற்றம் குறுகுறுக்கிறது, குறுகுறுக்கட்டும், எனக்கு மட்டும் இல்லாமல் அவருக்கும் குறுகுறுக்கிறதே என்று அவளுக்கு அதில் ஓர் ஆறுதல். அந்த ஆறுதலில்தான் இத்தனை நாள் சாப்பிட்டாள், தூங்கினாள், சாம்பல் புதன் அன்று ஆமென் சொன்னாள்.

நிலக்கரிச் சங்கம் வியாழக்கிழமை கூடும் என்று அம்ப்ரோஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார்... குரல் நடுங்கவில்லை, இன்னும் அந்த இடம் வரவில்லை. பின்னால், பெஞ்சு வாடகை கட்ட முடியாதவர்கள் உட்காருகிற இலவசப் பெஞ்சில் கெஸியா இருப்பாள், டாமரிஸின் அம்மா, திரும்பிப் பார்க்க முடியாது, பாதிரியார் மனைவி கோயிலில் திரும்பமாட்டாள், ஆனால் இருப்பாள், ஒரு ஞாயிறும் தப்பமாட்டாள். குருமனைத் துணி அவள்தான் வெளுக்கிறாள், மகளுக்கு இப்படி ஆன பிறகும் அவள்தான், நிறுத்த ஹாரியட்டுக்குத் தைரியமில்லை. நேற்றுக் கூடையோடு வந்தாள். சின்னய்யா சட்டைக்குக் கஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேம்மா, நாளைக்கு அவர் பேரை வாசிக்கப் போறாகளாமே, மடிப்புக் கலையாம நிக்கணும்லா என்றாள். டாமரிஸ் எப்படி இருக்கா என்று ஹாரியட் கேட்டாள், கேட்காமல் இருக்க முடியுமா. பிரிஸ்டல்ல எங்க அக்கா வீட்ல கெடக்கா, வாயே தொறக்கமாட்டேங்கா, யாரு யாருன்னு கேட்டா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுதா, பென்ஹேல் ஐயாவான்னு கேட்டேன், அதுக்கு மட்டும் சிரிச்சா. சிரிச்சாளா? ஆமாம்மா, சிரிச்சா, அவரு நல்ல மனுசன்னு சொல்லிட்டு அழுதா, அந்தக் கூத்தை என்னன்னு சொல்ல. அப்புறம் கெஸியா சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள், கழுத்துப் பட்டையை விரலால் நீவி நீவி வைத்தாள், என் கண்ணுக்கு எது தெரியுதோ அது தெரியுது, துணி வெளுக்கிறவளுக்கு வீட்டு அழுக்கெல்லாம் தெரியும்மா, ஆனா எங்க வார்த்தை எங்க ஏறும், சொல்லுங்க என்றாள், குரலில் கோபமே இல்லை. கூலியோடு ஹாரியட் ஒரு பாட்டில் பழப்பாகு கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்ட வழியாகப் போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஹாரியட்தான் பேச்சை எடுத்தாள், பக்கத்துச் சேகரத்துக்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லலாமே, பெத்த தகப்பனே வாசிச்சா நல்லாவா இருக்கும்? அம்ப்ரோஸ் ரொட்டியைப் பிய்த்தபடி, எதுக்கு அவரு, நானே கேக்கறேன், பெத்தவன் வாயால கேட்டாதான் அதுக்கு மதிப்பு, ஒளிக்க நமக்கு என்ன இருக்கு என்றார், அவளை நேராகப் பார்த்துச் சொன்னார். ஒளிக்க நமக்கு என்ன இருக்கு... நெஞ்சழுத்தம்தான், சீட்டாடப் போயிருந்தால் ஊரையே விற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அவள் சூப்பை ஊற்றினாள். ஹ்யூபர்ட் இன்னும் கொஞ்சம் மிளகு கேட்டான்.

"ஹ்யூபர்ட் அம்ப்ரோஸ் கெல்லண்ட் என்பவர்..." வந்துவிட்டது. கையில் தாளைக்கூடப் பிடிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறார், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறார், இந்தச் சேகரத்தில் பிறந்து வளர்ந்தவர், வரும் பட்டமளிப்பில் திருப்பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுக்க விரும்புகிறார், அவருடைய நடத்தையிலோ வாழ்க்கையிலோ பட்டத்துக்குத் தகாத குறையையோ தடையையோ அறிந்தவர் எவரேனும் இங்கே இருந்தால் இப்போதே எழுந்து சொல்லக் கடவர். விழுங்கவில்லை. ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. சரி, இனி பாட்டு எண்... இனி பாட்டு எண்ணைச் சொல்லும்... சொல்லுமே, அம்ப்ரோஸ்... அவர் வாயை மூடிக்கொண்டார். கைகளைக் கோர்த்தார். நின்றார்.

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ பூட்ஸைத் தேய்த்தார்கள், கெஸியாவா, கெஸியா எழுகிறாளா... இல்லை. ஹ்யூபர்ட்டின் கை வந்து அவள் கைமேல் உட்கார்ந்தது, சின்ன வயசில் இடிக்குப் பயந்து பிடிப்பானே அந்தப் பிடி, ஆனால் இப்போது பயத்தில் இல்லை, அழுத்திக்கொண்டிருந்தான், பெட்டி மூடியை அழுத்துகிற மாதிரி. அவள் நிமிர்ந்து அம்ப்ரோஸைப் பார்த்தாள். காத்திருக்கிறார். எப்போதும் காத்திருப்பதுபோல, சபையின் கடைசிப் பெஞ்சுவரை கண்ணை ஓட்டி, யாராவது உண்மையிலேயே எழுந்து சொன்னால் கேட்கத் தயாராக, அப்புறம் அந்தக் கண் அவளிடம் வந்து நின்றது, ஈரமாக இருந்தது, பெருமை... பிள்ளையைப் பெற்றுக்கொடுத்தவளைப் பார்க்கிற பெருமை, வேறொன்றும் இல்லை, எவ்வளவு தேடினாலும் வேறொன்றும் இல்லை அந்த முகத்தில். குற்றமுள்ளவன் இப்படிக் காத்திருப்பானா? இவருக்குத் தெரியாது. கடவுளே, இவருக்கு ஒன்றுமே தெரியாது. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர் கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறார். தம்பி வீட்டுக்கு அனுப்பியது படிப்பதற்காகத்தான். என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டதில்லை என்றது சாமர்த்தியம் இல்லை, நம்பினார், அவள் சொன்னதை நம்பித்தான் லூக்கைக் கைவிட்டார், சொந்தப் பிள்ளையைவிட அதிகமாக நேசித்த ஒருவனை அவள் ஒரு சொல்லுக்காகக் குற்றவாளி என்று ஏற்றுக்கொண்டு, அந்த வேதனையில் சாப்பாட்டை விட்டு, தூக்கத்தை விட்டு, முழங்காலில் கிடந்து அவனுக்காக... அவனுக்காகவா ஜெபித்தார், இத்தனை நாளும்? குருடனைத் தப்பு வழியில் விட்டவன்மேல்... ஆமென், ஆமென், நன்றாகச் சொன்னேன். அப்படியானால் மூட்டையில் இன்னொரு கை இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. அவள் ஒருத்திதான்.

இன்னும் அவர் நிற்கிறார், இன்னும் நேரம் இருக்கிறது, ஒரே ஒரு வாக்கியம், நான் ஜன்னலில் நின்றேன், அவ்வளவுதான், மீதியைச் சபை பார்த்துக்கொள்ளும், மான்செஸ்டரில் ஏதோ பண்டகசாலையில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு அவன் பெயர் திரும்பிக் கிடைக்கும், டாமரிஸ் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை, பிள்ளை போவான், புருஷன் உடைவார், குருமனை போகும், போகட்டும்... போகட்டுமா? கையை இழுத்தாள், ஹ்யூபர்ட் விடவில்லை, பலமாக இழுத்தாள், கையுறை அவன் பிடியிலேயே நின்றுவிட்டது, கை வந்துவிட்டது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், நேராக நின்றாள், வாயைத் திறந்தாள்.

ஆர்கன் முழங்கியது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த மிஸ் பாஸ்க் இரண்டு கையாலும் அழுத்தினாள், கூரையே அதிர்ந்தது, சபை மொத்தமும் ஒரே சரசரப்பாக எழுந்து நின்றது, அம்ப்ரோஸ் சற்றுத் திகைத்து, அப்புறம் சிரித்து, பாட்டு எண்ணை உதட்டால் மட்டும் சொன்னார். ஹ்யூபர்ட் கையுறையை மரியாதையாக அவளிடம் நீட்டினான், குனிந்து காதருகில், நல்ல நேரத்துல எழுந்தீங்கம்மா என்றான், எலும்பில்லாத அந்தக் குரல்... அவளுக்குத் தெரியும்தானே, இருபது வருஷமாக அவள் எழுந்தால்தான் ஆர்கன், சபைக்கே தெரிந்த வேடிக்கை, பிரசங்கம் நீண்டுபோனால் அவளே வேண்டுமென்று எழுந்து நின்று முடித்துவைத்திருக்கிறாள். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். நான் ஜன்னலில் நின்றேன் என்று சொல்ல எழ வேண்டியதே இல்லை. பின்னே எதற்கு எழுந்தாள், சொல்லவா, அல்லது... முதல் அடி முடிந்து இரண்டாம் அடி தொடங்கிவிட்டது, பின்னாலிருந்து கெஸியாவின் கரகரத்த குரல் தனியாகக் கேட்டது, ஹாரியட் கையுறையை மாட்டிக்கொண்டு பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்தாள், வாய் அது பாட்டுக்குப் பாட ஆரம்பித்தது.